வகுப்பில் இடையூறு செய்யும் குழந்தையைக் கவனிப்பது எப்படி?

இரண்டாம் வகுப்புக் குழந்தை ஓயாமல் எழுந்து ஓடினால், "அடங்காதவன்" என்று முடிவுகட்டும் முன், ஒரு வாரம் குறிப்பேட்டில் மூன்றை மட்டும் எழுதிவாருங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன்பின் அவனுக்கு என்ன கிடைத்தது. "சேட்டை செய்தான்" என்பது குறிப்பாகாது. "கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னதும் எழுந்து சன்னலருகே போனான்" என்பதே குறிப்பு. இவ்வரி திரும்பத் திரும்ப வந்தால், முதலில் கண் பரிசோதனைக்குப் பெற்றோரிடம் சொல்லுங்கள். காலையில் சாப்பிட்டானா என்றும் கேளுங்கள். எழுத்து வேலையைத் தவிர்க்கவே எழுகிறான் எனில், வெளியே அனுப்புவது அவன் விரும்பியதையே கொடுப்பதாகிவிடும். மாறாக, வேலையைக் குறைத்துக் கொடுத்து, இரண்டு வரி முடித்ததும் அருகில் சென்று மனமாரப் பாராட்டுங்கள். அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. அவை காரணத்தைத் தொடுவதுமில்லை. அடுத்த வாரமும் குறிப்பேட்டைத் தொடருங்கள்.