ஸ்பானிய உச்சரிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானியம் படிக்கத் தொடங்குபவர்கள் பலரும் "ஸ்பெயின் உச்சரிப்பு சரியா, மெக்சிகோ உச்சரிப்பு சரியா?" என்று கேட்கிறார்கள். ஒன்றுதான் சரி, மற்றதெல்லாம் கொச்சை என்று நினைப்பதே முதல் தவறு. ஸ்பெயினின் மாட்ரிட், கொலம்பியாவின் பொகோட்டா, அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் ஆகிய மூன்று ஊர்களிலும் படித்தவர்கள் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். மூன்றுமே செம்மையான ஸ்பானியம்தான். ஸ்பானிய மொழியைக் கவனித்துக்கொள்ள 1713இல் தொடங்கிய ஸ்பானிய அரச அகாதமியும் அப்படித்தான் சொல்கிறது.

'கிராசியாஸ்' என்ற நன்றிச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் அதன் நடுவிலுள்ள சி எழுத்தை, நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்து, ஆங்கில 'தேங்க்ஸ்' தொடங்குவதுபோல ஒலிப்பார்கள். இசட் எழுத்துக்கும் இதே ஒலிதான். லத்தீன் அமெரிக்காவிலும் ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளிலும் இரண்டுமே 'ஸ்'. நாக்குத் தெற்றிய ஒரு மன்னரைப் பார்த்து ஸ்பெயின் மக்கள் பழகிக்கொண்டது இது என்று ஒரு கதை உலவுகிறது. நம்பாதீர்கள். அது உண்மையானால் எஸ் எழுத்தும் மாறியிருக்க வேண்டுமே? மாட்ரிட்காரர் 'கஸார்' (மணம் செய்வது) என்பதை எஸ் எழுத்தோடு 'ஸ்' என்றே சொல்வார். இசட் வரும் 'வேட்டையாடுவது' என்ற சொல்லில்தான் பல்லிடுக்கு ஒலி வரும். மெக்சிகோவில் இரண்டுமே 'கஸார்'. எது என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். ஸ்பெயின்காரர்போலப் பேச ஆசைப்பட்டு எல்லா எஸ்ஸையும் பல்லிடுக்கில் தள்ளுவது ரொம்பவே பரவலான தவறு.

புவனோஸ் ஐரிஸ் உச்சரிப்பைப் பழகுபவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். தெருவைக் குறிக்கும் 'காயே' அங்கே 'காஷே' என்று தெரிந்துகொண்டு, 'நான்' என்பதை மட்டும் 'யோ' என்றே விட்டுவிடுவார்கள். அதுவும் அங்கே 'ஷோ'தான்.

ஊரைவிட இடம் பொருள் பார்ப்பது கடினம். சிலியிலும் கியூபாவிலும் ஸ்பெயினின் தெற்கிலுள்ள அந்தலூசியாவிலும் 'லோஸ் அமிகோஸ்' (நண்பர்கள்) வீட்டுப் பேச்சில் 'லோஹ் அமிகோ' ஆகிவிடும். அதே ஆள் மேடை ஏறினால் எஸ் பெருமளவு திரும்பி வந்துவிடும். ஸ்பெயினில் 'களைத்துப்போன' என்று பொருள்படும் 'கன்சாதோ', பேச்சில் 'கன்சாவோ' ஆகிறது. படித்தவர்களும் அப்படிப் பேசுவார்கள். ஆனால் 'கொமீதோ' (சாப்பிட்ட) என்பதைக் 'கொமீயோ' என்றால் பட்டிக்காட்டுப் பேச்சாகத் தெரியும். இப்படி விழும் த ஒலியை நினைத்துப் பயந்து, இல்லாத இடத்தில் அதைச் செருகுபவர்களும் உண்டு. 'பகலாவோ' என்னும் மீனின் பெயரைப் 'பகலாதோ' என்பார்கள். அப்புறம், தொலைக்காட்சித் தொடரில் கேட்ட பேச்சை அப்படியே வேலை நேர்காணலுக்குக் கொண்டுபோகாதீர்கள். எழுத்து விழாமல் பேசினால் எந்த நாட்டிலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

எல்லா ஊருக்கும் பொதுவான சில தவறுகள் நமக்கு ஆங்கிலம் வழியாக வருகின்றன. தக்காளியை 'டொமாட்டே' என்கிறோம். பல்லைத் தொடும் நம் த ஒலியே போதும், 'தொமாத்தே' என்று சொல்லலாம். ஒயினுக்கான சொல்லை உதட்டைக் கடித்து 'வீனோ' என்பதும் வேண்டாம். ஸ்பானியத்தில் பி (b), வி (v) இரண்டு எழுத்துக்கும் ஒரே ஒலி, அது 'பீனோ' (bino).

கடைசியாக ஒன்று. 'ஆனால்' என்பது 'பேரோ', 'நாய்' என்பது 'பேறோ'. முதலாவதில் நாக்கு ஒருமுறை தட்டும், இரண்டாவதில் உருளும். ரகர றகரத்தை இன்றும் பிரித்துப் பேசும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது எளிது. மற்றவர்கள் 'ற'வை வழக்கத்தைவிட நீட்டி உருட்டிப் பழகுங்கள். போர்த்தோ ரிக்கோவில் சிலர் அதைத் தொண்டையிலிருந்து ஒலிப்பார்கள். அதைக் கேட்டால் புரிந்துகொள்ளப் பழகினால் போதும், பேசிப் பார்க்க வேண்டியதில்லை.