ஹூலாதாங் வீட்டிலேயே: மைதாவைக் கழுவும் பக்குவம்

சீனாவின் ஹெனான் மாநிலத் தலைநகரான ஜெங்ஜோவில் வேலை பார்த்த ஆறு மாதமும் எனக்குக் காலைச் சாப்பாடு ஹூலாதாங்தான். பழுப்பு நிறத்தில், கூழ் பதத்தில், தொண்டையில் மிளகு சுள்ளென்று இறங்கும் சூப். ஊர் திரும்பிய பிறகு வீட்டில் முயன்றதில் நாலாவது தடவைதான் சரியாக வந்தது.

சீனத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் இருந்த அயலாரைச் சீனர்கள் 'ஹூ' என்பார்கள். அந்த அயலார் வழியாக வந்ததால் மிளகுக்கு 'ஹூஜியாவ்' என்று பெயர். 'லா' காரம், 'தாங்' சூப். நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரக்குதான் அங்கே சூப்பின் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே மிளகாய்த்தூளைப் போட்டுக் காரம் ஏற்றாதீர்கள்.

முதலில் ஒன்றரை லிட்டர் மட்டன் எலும்புச் சாறு. இஞ்சி, பட்டை, அன்னாசிப்பூ, சோம்பு போதும்.

அடுத்தது மாவு. என் முதல் மூன்று முயற்சியும் கெட்டது இங்கேதான். 300 கிராம் மைதா, அரை டீஸ்பூன் உப்பு, 170 மில்லி தண்ணீர். நன்றாக அடித்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டால் கழுவும்போது மாவு முழுக்கக் கரைந்து ஓடிவிடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்குள் வைத்து, துணி கசக்குவது போல மெல்லக் கசக்குங்கள். தண்ணீர் பால் போல ஆகும். அதைக் கொட்டாதீர்கள், சூப்பைக் கெட்டியாக்குவது அதுதான். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றினால் கையில் ரப்பர் மாதிரி ஒரு பசைக்கட்டி மிஞ்சும்.

அந்தக் கட்டியைப் பிய்த்துப் போட்டால் கொழுக்கட்டை போலக் கடினமாகிவிடும். கொதிக்கும் சாறுக்கு மேலே பிடித்து, விரலால் மெல்லிய ஏடாக இழுத்து இழுத்து விடுங்கள். விழுந்ததும் சல்லடைத் துணி போல விரியும்.

பிறகு ஊறவைத்த கருங்காளான், காய்ந்த லில்லி மொட்டு, சர்க்கரைவள்ளி சேமியா, வேகவைத்த கறித்துண்டு, வேர்க்கடலை. எடுத்துவைத்த மாவுத்தண்ணீரில் மேலே தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கிய மாவுப்பாலைக் கலக்கி, சாறு தளதளவென்று கொதிக்கும்போது கிண்டியபடியே ஊற்றுங்கள். கடைசியில் இரண்டு டீஸ்பூன் மிளகுத்தூள். அம்மியில் பொடித்ததே என் தேர்வு; பாக்கெட் தூளில் அந்த மணம் வராது.

கிண்ணத்தில் ஊற்றிய பிறகே வினிகரும் நல்லெண்ணெயும். தொட்டுக்கொள்ள யூத்தியாவ் என்ற நீளமான பொரித்த மாவு.

ஊருக்கு ஊர் சூப் மாறும். ஹெனானில் ஷியாவ்யாவ் ஊரின் கைப்பக்குவம் 2021இல் சீன அரசின் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதே மாநிலத்தின் பெய்வுடு ஊரில் ஆட்டுக்கறிச் சாறு முக்கியம். பக்கத்து மாநிலத்து ஷியான் நகரில் ஹுய் இன முஸ்லிம் கடைகளில் மாட்டுக்கறி உருண்டை, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் போட்டு, மேலே மிளகாய் எண்ணெய் விட்டு, ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுவார்கள். ஜெங்ஜோவில் பாதி ஹூலாதாங், பாதி இளந்தோஃபு (உறைய வைத்த சோயாப்பால்) கலந்து வாங்குவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பின்சேர்க்கை: சூப் நீர்த்துப் போகிறது என்று இருவர் எழுதியிருந்தீர்கள். கேட்டால், இருவருமே வினிகரைப் பானையிலேயே ஊற்றியிருக்கிறீர்கள். புளிப்போடு கொதித்தால் மாவின் கெட்டித்தன்மை உடைந்துவிடும். தனித்தனிக் கிண்ணத்தில் விட்டுக்கொள்ளுங்கள்.