இளைப்பு நோயாளிகளுக்கு மூச்சுத் தசைப் பயிற்சி: செய்யும் முறை

திருப்பூர், கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் பல்லாண்டு பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்களும், விறகடுப்புப் புகையில் சமைத்தே காலம் கழித்த பெண்களும், பீடியை விடாதவர்களும் சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு ஆளாகிறார்கள். மூச்சு வெளியேறுவதில்தானே அடைப்பு, உள்ளிழுக்கும் தசைக்கு எதற்குப் பயிற்சி என்று அவர்கள் கேட்பது நியாயமே. காற்று முழுவதும் வெளியேறாமல் தேங்குவதால் நுரையீரல் உப்பி, அதனடியில் கவிழ்த்த கிண்ணம்போல் வளைந்திருக்க வேண்டிய உதரவிதானம் என்னும் மூச்சுத் தசை தட்டையாகி, ஒவ்வொரு மூச்சுக்கும் அது கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தசைக்கு வலுவூட்டுவதே நோக்கம். நோயை இது தீர்க்காது.

மருந்துக் கடையில் கிடைக்கும் மூன்று பந்துக் கருவியைப் பலர் இதற்கென்று வாங்கிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆழ்ந்து மூச்சிழுக்கப் பழக்குவதற்கானது. அளந்து சுமையேற்ற உதவாது. நமக்கு வேண்டியது, ஸ்பிரிங் வால்வு திறக்கும் அழுத்தத்தைத் திருகி மாற்றக்கூடிய கருவி.

முதலில் உங்கள் அதிகபட்ச உள்ளிழுப்பு அழுத்தத்தை இயன்முறை மருத்துவர் அளக்க வேண்டும். அதில் சுமார் 30 சதவீதத்தில் தொடங்குவது வழக்கம். அளவு 50 சென்டிமீட்டர் நீரழுத்தமாக இருந்தால் கருவியை 15இல் வைக்கலாம். மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரை எடுத்துக் கால்மணி நேரம் கழித்து, வயிறு நிறைந்திராத வேளையில், தோள்களைத் தளர்த்தி நாற்காலியில் அமருங்கள். மூக்கைக் கிளிப்பால் அடைத்து, உதடுகளால் வாய்க்குழலை இறுகப் பற்றி, மெதுவாக மூச்சை வெளிவிட்டபின், வால்வு திறக்கும்படி விசையோடு இழுங்கள். விலாவின் அடிப்பகுதி விரிய வேண்டும். தோள் மட்டும் ஏறினால் முறை தவறு. வெளிவிடும்போது அவசரம் கூடாது. தலைசுற்றினால் வேகம் அதிகம் என்று பொருள்.

காலையும் மாலையும் தலா 30 மூச்சு, வாரத்தில் 5 நாளாவது செய்ய வேண்டும். தொடக்கத்தில் பத்துப் பத்தாகப் பிரித்து இடையில் ஓய்வெடுக்கலாம். 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் சிரமம் 4 முதல் 6க்குள் இருப்பது நல்லது. அதற்குக் கீழே இறங்கினால் வாரம் ஒருமுறை சுமையைச் சிறிது கூட்டலாம். முதல் வாரத்திலேயே வீம்புக்குக் கூட்டியவர்கள்தாம் பாதியில் கைவிடுகிறார்கள். ஆறெட்டு வாரங்களில் மறுபடி அளந்து பாருங்கள். தசை பலவீனமானவர்களுக்கே பலன் தெளிவாகத் தெரியும். நடைப்பயிற்சிக்கு இது ஈடன்று.

நுரையீரலில் பெரிய காற்றுக் கொப்புளம், அண்மையில் நெஞ்சுக்கூட்டில் காற்றுக் கசிவு, இருமலில் ரத்தம், செவிப்பறைக் கிழிசல், அண்மைய மாரடைப்பு அல்லது கண், நெஞ்சு, வயிற்று அறுவை உள்ளவர்கள் மருத்துவர் அனுமதியின்றித் தொடங்கவே கூடாது. பெருந்துறையில் காசநோயாளிகளுக்கான சானடோரியமே இருந்த வட்டாரம் இது. காசநோய் ஆறிய தழும்போடு வாழ்பவர்கள் முதலில் எக்ஸ்ரேயைக் காட்டிவிட வேண்டும்.

கருவியை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஒருவர் கருவியை மற்றவர் பயன்படுத்தலாகாது. மார்கழிப் பனியில் சளி கூடி இளைப்பு முற்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். தேறியபின் பழைய சுமைக்கு நேரே போகாமல், குறைத்து வைத்தே மறுபடி தொடங்குங்கள்.