மே ஆப்பிளை மே மாதத்தில் தேடாதீர்கள்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில், தெற்கு ஒன்டாரியோ தொடங்கி ஃபுளோரிடா வரை, வசந்தம் வந்ததும் மரத்தடியில் சின்னச் சின்னக் குடைகளை விரித்ததுபோல ஒரு செடி கூட்டமாக முளைக்கும். அதுதான் மே ஆப்பிள். பெயரை நம்பி மே மாதத்திலேயே பழம் தேடுவதுதான் முதல் தவறு. அப்போது பூ மட்டும்தான் இருக்கும். பழம் கனிய ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும். ஆப்பிளுக்கும் இதற்கும் உறவும் கிடையாது.

ஒற்றை இலையோடு நிற்கும் செடியில் தேடிப் பயனில்லை, அது பூக்காது. இரண்டு இலை பிரியும் கவட்டில்தான் ஒரே ஒரு வெள்ளைப் பூ தலைகவிழ்ந்து இருக்கும். பார்க்க வேண்டுமென்றால் குனிந்துதான் ஆக வேண்டும்.

நம் ஆட்களுக்குப் பச்சைக்காய் என்றாலே உப்பும் மிளகாய்த்தூளும் நினைவுக்கு வந்துவிடும். இங்கே அந்த ஆசை வேண்டவே வேண்டாம். காய், இலை, தண்டு, விதை, கிழங்கு எல்லாமே விஷம். போடோஃபிலோடாக்சின் என்ற நச்சுப்பொருள் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். நன்றாக மஞ்சளாகி, தொட்டால் மெத்தென்று அமுங்கி, வாசனை வரும் பழத்தின் சதையை மட்டும்தான் சாப்பிடலாம். அதையும் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நிறையத் தின்றால் வயிறு கலங்கும். ஜாம் செய்கிறேன் என்று முழுப் பழத்தையும் மிக்ஸியில் போடுவது இன்னொரு தவறு. விதையும் சேர்ந்து அரைபட்டுவிடும். விதையை முழுதாக எடுத்துவிட்டுச் சதையை மட்டும் பயன்படுத்துங்கள்.

அப்புறம், இந்தக் கிழங்கு வைத்தியம். இதன் பிசினை மருத்துவர்கள் மருவின்மேல் தடவியது உண்மைதான். இதே நச்சுப்பொருளிலிருந்துதான் எட்டோபோசைடு என்ற புற்றுநோய் மருந்தும் வந்தது. அதற்காகக் கிழங்கைத் தோண்டி வீட்டில் கஷாயம் வைத்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போக வேண்டாம்.

இரட்டை இலைச் செடிகள் நிறைய இருந்தும் பழமே இல்லையா? திட்டு முழுவதும் ஒரே கிழங்கிலிருந்து பரவிய ஒரே செடியாக இருக்கலாம். வேறு திட்டின் மகரந்தம் வராவிட்டால் காய் பிடிப்பது அரிது. இல்லையென்றால், பழுத்த வாசனைக்கு அங்குள்ள தரை ஆமைகள் முந்திக்கொண்டிருக்கும். விதையைக் காடெங்கும் கொண்டுபோய்ப் போடுவதும் அவைதான்.