கற்பனை நாட்டுக்குக் கல்வெட்டிலிருந்து ஒரு விதி

ஃபேண்டஸி கதைக்கு நாடு ஒன்றை உருவாக்கும்போது அரசர் வரிசையை விடுங்கள், பழைய விதிமுறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டு (கி.பி. 921) இதற்கு அருமையான சுரங்கம். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுப்பதுதான் குடவோலை; அதில் நிற்க வயது 35-க்கு மேல், 70-க்குள். சொந்த மனையில் வீடு வேண்டும். பதவியில் இருந்தபின் கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவர் உறவினருக்கும் இடமில்லை. குடத்திலிருந்து ஓலையை எடுப்பது ஒரு சிறுவன்.

தடை என்று ஒன்று இருந்தால், அதற்கு முன் யாரோ தப்பு செய்திருப்பார்கள். கணக்குக் காட்டாத அந்த ஆளின் மைத்துனன் என்ன ஆனான் என்று கேளுங்கள், கதை தானாகக் கிளம்பும்.

உங்கள் உலகில் மனதைப் படிக்கும் மந்திரம் இருந்தால் இந்த விதி ஒட்டாது. அங்கே குடமே தேவையில்லையே!