வடக்கிலிருந்து இடப்பக்கம் திரும்பினால் சுவர் காணாமல் போனது

மேற்கு மாம்பலம் வீட்டில், மின்விசிறிக்கு அடியில் நான்கு இரவுகள், நான் எழுதும் கணினி விளையாட்டின் ஒரு பிழையிலேயே போயின. 1981-இல் வந்த விசார்ட்ரி என்ற நிலவறை விளையாட்டைப் போல ஒரு தளத்துக்கு 20க்கு 20 கட்டங்கள், 90 டிகிரி திருப்பம். திசைகளுக்கு எண்கள்: வடக்கு 0, கிழக்கு 1, தெற்கு 2, மேற்கு 3.

வடக்கே பார்த்து இடப்பக்கம் திரும்பினால் சுவரெல்லாம் மறைந்துவிடும். ஒரு அடி வைத்தால் அப்புறம் எப்படித் திரும்பினாலும் வெறுமைதான்.

சுவர்களைத் தூரத்திலிருந்து கிட்டே வரையும் வரிசையைச் சந்தேகித்து அதைத் திருப்பி எழுதினேன். பயனில்லை. கிராஃப் தாளில் வரைபடத்தைக் கட்டம் கட்டமாகச் சரிபார்த்தேன். அதிலும் தப்பில்லை.

துப்பு கிடைத்தது வேறு இடத்தில். அடி வைக்காமல் நின்ற இடத்திலேயே இடப்பக்கம் நான்கு முறை திரும்பினால் சுவர் திரும்ப வந்தது! நடுவில் மூன்று திசைகள் மட்டும் காலி. திசை எண்ணைத் திரையில் காட்ட வைத்தேன்: -1, -2, -3, பிறகு பூஜ்யம்.

முதல் வடிவத்தைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியிருந்தேன், இது ஜாவாஸ்கிரிப்டில். பைத்தானில் -1 % 4 (4ஆல் வகுத்த மீதி) என்றால் 3. ஜாவாஸ்கிரிப்டில் அதே கணக்கு -1 தரும். மீதிக்கு வகுபடும் எண்ணின் குறிதான் வரும். எந்தத் திசைக்கு எப்படி நகர்வது என்ற பட்டியலில் -1ஆம் இடம் இல்லாததால் ஆயத்தொலைவு எண்ணே இல்லாததாகி, கட்டம் காலி என்று வரைந்திருக்கிறது.

(திசை - 1) % 4 என்பதை (திசை + 3) % 4 என்று மாற்றினேன். சரியாகிவிட்டது, பெரிய நிம்மதி. பின்னோக்கி நடப்பதற்கும் திசை - 2 என்று எழுதியிருந்தேன். அதையும் + 2 ஆக்கிவிட்டேன்.