முதலில் மின்னஞ்சல், அப்புறம் ரவுட்டர்

அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அதனால் சொந்தபந்தத்தில் யார் புது லேப்டாப் வாங்கினாலும், யார் வீட்டு வைஃபை மக்கர் செய்தாலும் அழைப்பு எனக்குத்தான் வரும். எல்லோரும் கேட்பது ஒன்றே: "எந்த ஆன்டிவைரஸ் போடலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "உங்க ஈமெயில் பாஸ்வேர்டையே வேற எங்கேயாவது போட்டு வெச்சிருக்கீங்களா?" பெரும்பாலும் பதில் வராது, ஒரு சிரிப்பு வரும்.

"என்கிட்ட என்னடா இருக்கு திருடறதுக்கு?" என்பார் சித்தப்பா. அவருடைய பணத்தை விட அவருடைய பெயர்தான் திருடனுக்கு வேண்டும். அந்தப் பெயரில் கடன் கேட்கலாம், சிம் வாங்கலாம், அவர் நண்பர்களிடம் "அவசரம், கொஞ்சம் பணம் அனுப்பு" என்று எழுதலாம். பணக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எந்தத் தளத்திலும் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்திப் பாருங்கள், மாற்றும் இணைப்பு பெரும்பாலும் மின்னஞ்சலுக்குத்தான் வரும். ஆகவே உங்கள் மின்னஞ்சல் என்பது வீட்டுச் சாவிக்கொத்து. அது ஒருவன் கைக்குப் போனால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் திறக்கும். வேலையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மின்னஞ்சலுக்கு வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு பாஸ்வேர்டு வைய்யுங்கள். ஆச்சரியக்குறியும் @ குறியும் போட்டுச் சிக்கலாக்குவதை விட நீளமாக்குவது நல்லது. ஆறு முகப் பகடை உருட்டிச் சொல் பொறுக்கும் ஒரு முறை 1995 முதல் இருக்கிறது. பட்டியலில் 7,776 சொற்கள், ஒரு சொல்லுக்கு ஐந்து உருட்டல். ஆறு சொற்களைப் பொறுக்கிக் கோத்தால் ஊகித்துக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். ஒரே நிபந்தனை, சொற்களைப் பகடை பொறுக்க வேண்டும், நீங்கள் பொறுக்கக் கூடாது. நாமாகப் பொறுக்கினால் குழந்தை பெயரிலும் குலதெய்வத்திலும் போய் நிற்போம்.

அடுத்து இரண்டு அடுக்கு உறுதிப்படுத்தல், அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு எண்ணையும் கேட்பது. எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணை விட, போனில் உள்ள ஆதன்டிகேட்டர் செயலி காட்டும் எண் மேல். பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கம் அது. முதல் நாள் பகிர்ந்துகொண்ட ஒரு ரகசியத்தையும் கடிகாரத்தையும் வைத்து போனே கணக்குப் போடுகிறது, சிக்னல் கூடத் தேவையில்லை. உங்கள் எண்ணுக்கு யாராவது மாற்று சிம் வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் அவனுக்குப் போய்விடும், செயலியின் எண் போகாது. எஸ்எம்எஸ் மட்டும்தான் வசதி என்றால் அதையாவது போடுங்கள். இதை அமைக்கும்போது, போன் இல்லாத நேரத்தில் நுழைவதற்கென்று தரப்படும் அவசரக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வைய்யுங்கள். போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், போன் தொலையும்போது அதுவும் சேர்ந்து தொலையும்.

பெரும்பாலானவர்கள் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு பக்கம் இருக்கிறது: மின்னஞ்சல் செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்'. உள்ளே புகுந்தவன் விவரமானவனாக இருந்தால் பாஸ்வேர்டைத் தொடவே மாட்டான். வரும் கடிதமெல்லாம் தன் முகவரிக்கு ஒரு நகல் போகும்படி ஒரு விதியைப் போட்டுவிடுவான். கூடவே 'வங்கி', 'பாஸ்வேர்டு' என்ற சொல் உள்ள கடிதங்கள் நேரே குப்பைக்குப் போகட்டும் என்று இன்னொன்று. நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதிகள் அப்படியே இருக்கும். ஆகவே அந்தப் பக்கத்தைத் திறந்து, நீங்கள் போடாத விதி எது இருந்தாலும் நீக்குங்கள். அப்படியே மீட்பு எண்ணையும், அதாவது பாஸ்வேர்டு மறந்தால் உதவ நீங்கள் கொடுத்து வைத்த போன் எண்ணையும் பாருங்கள். விட்டுவிட்ட பழைய எண் அங்கே இருந்தால் ஆபத்து, அந்த எண் இன்று வேறு யாருக்காவது கொடுக்கப்பட்டிருக்கலாம்.

மற்ற தளங்களின் பாஸ்வேர்டுகளை ஞாபகம் வைக்க முயலாதீர்கள். எல்லாவற்றையும் பூட்டி வைத்துத் தானே நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்று போதும், உலாவியோடு வருவதும் பரவாயில்லை. எங்கோ ஒரு தளத்தில் கசிந்த பாஸ்வேர்டை நூறு தளங்களில் போட்டுப் பார்ப்பதுதான் திருடர்களின் அன்றாட வேலை. மேனேஜரால் இன்னொரு லாபமும் உண்டு: போலித் தளத்தில் அது தானாக நிரப்பாது. அச்சு அசலாக உங்கள் வங்கிப் பக்கம் மாதிரியே இருக்கிறது, ஆனால் மேனேஜர் வாயே திறக்கவில்லை என்றால் கையை எடுத்துவிட்டு முகவரியைப் பாருங்கள். முகவரிப் பட்டியில் பூட்டுப்படம் இருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் அது சொல்கிறது. மறுமுனையில் இருப்பவன் யோக்கியன் என்று சொல்லவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று என்ற பழைய உபதேசத்தையும் விட்டுவிடலாம். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டே 2017இல் அதைக் கைவிட்டது. கட்டாயப்படுத்தினால் ஆட்கள் கடைசியில் உள்ள 1ஐ 2 ஆக்குவார்கள், அவ்வளவுதான். கசிந்தது என்று தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

சரி, இப்போது ரவுட்டர். அதன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. உலாவியில் அடித்து உள்ளே போங்கள். இங்கே இரண்டு பாஸ்வேர்டு உண்டு, பலர் ஒன்று என்றே நினைக்கிறார்கள். ஒன்று வைஃபையில் சேர்வதற்கு. இன்னொன்று இந்த நிர்வாகப் பக்கத்துக்கு, அது பல பழைய ரவுட்டர்களில் இன்னும் 'அட்மின்'தான். 2016இல் மிராய் என்ற தீநிரல் ரவுட்டர்களையும் கேமராக்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது பெரிய தந்திரத்தால் அல்ல. ஆலையிலிருந்து வரும்போதே இருக்கும் அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. நிர்வாக பாஸ்வேர்டை மாற்றுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' வசதியை அணையுங்கள்.

'வயர்லெஸ் செக்யூரிட்டி' பகுதியில் வைஃபையைப் பூட்டும் முறைகளின் பட்டியல் ஒன்று விரியும். டபிள்யூஈபி (WEP) என்று இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். 1997இல் வந்தது, 2001இலேயே அதன் ஓட்டை வெளியாகிவிட்டது, 2007இல் ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டினார்கள். வெறும் டபிள்யூபிஏ (WPA), டிகேஐபி (TKIP) இரண்டும் அந்தக் காலத்து ஒட்டு வேலை. தேர்ந்தெடுக்க வேண்டியது டபிள்யூபிஏ3, பழைய கருவிகள் ஒத்துழைக்காவிட்டால் ஏஈஎஸ் (AES) என்ற குறியாக்கம் உள்ள டபிள்யூபிஏ2, அல்லது இரண்டும் கலந்த தேர்வு.

டபிள்யூபிஏ2இல் உங்கள் போன் சேரும்போது ரவுட்டரோடு நான்கு செய்திகள் பரிமாறிக்கொள்ளும். அதைக் காற்றிலிருந்து பிடித்தவன் வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாக, லட்சக்கணக்கில் பாஸ்வேர்டுகளை அதன்மேல் போட்டுப் பார்க்கலாம், உங்களுக்குத் தெரியவே தெரியாது. 2018இல் வந்த டபிள்யூபிஏ3 இதை அடைத்துவிட்டது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்டாக வேண்டும். டபிள்யூபிஏ2இலேயே இருக்கிறீர்கள் என்றால் நீளம்தான் காப்பு. 8 முதல் 63 எழுத்து வரை இடம் இருக்கிறது, எட்டோடு நிற்காதீர்கள். போன் எண்ணைப் பாஸ்வேர்டாக வைக்கவே கூடாது, எண்களை மட்டும் ஓட்டிப் பார்ப்பதுதான் அவர்கள் செய்யும் முதல் வேலை. நெட்வொர்க்கின் பெயரும் சாவிக் கணக்கில் சேர்வதால், எல்லோரிடமும் உள்ள பெயர்களுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்க முடியும், ஆகவே ஆலையிலிருந்து வந்த பெயரை மாற்றுங்கள். உங்கள் பெயரையோ வீட்டு எண்ணையோ அதில் எழுதாதீர்கள்.

பாஸ்வேர்டு அடிக்காமலே கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் (WPS) என்ற பொத்தான் வசதியை அணையுங்கள். அதன் எட்டிலக்க பின் எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். ஆக பத்துக் கோடி முயற்சி தேவைப்பட வேண்டிய இடத்தில் 11,000 போதும். 2011இல் இது அம்பலமாகி இத்தனை வருடம் ஆகியும் பல ரவுட்டர்களில் வசதி திறந்தே இருப்பது எனக்கு எரிச்சல்தான்.

நெட்வொர்க் பெயரை மறைப்பது, ஒவ்வொரு கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பட்டியல் போட்டு அவற்றை மட்டும் அனுமதிப்பது, இரண்டும் வீண் வேலை. மறைத்த பெயரை உங்கள் போனே போகிற இடமெல்லாம் கூப்பிட்டுத் தேடும், மேக் முகவரி குறியாக்கம் இல்லாமல்தான் காற்றில் போகிறது. அந்த நேரத்தில் ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். 2017இல் டபிள்யூபிஏ2இல் கிராக் என்ற ஓட்டை தெரிந்தபோது பாஸ்வேர்டை மாற்றியவர்களுக்குப் பயன் இல்லை, கருவிகளைப் புதுப்பித்தவர்களுக்குத்தான் பயன். டிவி, கேமரா, விருந்தினர் எல்லாம் ரவுட்டரிலேயே தனியாகப் பிரிக்கும் 'கெஸ்ட்' நெட்வொர்க்கில் இருக்கட்டும்.

அடையாள அட்டைகளின் ஸ்கேன்களை மறக்காதீர்கள். அவை பெரும்பாலும் மின்னஞ்சலின் 'அனுப்பியவை' பகுதியில் தூங்கிக்கொண்டிருக்கும். தேடி அழியுங்கள், குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். இனி நகல் கொடுக்கும்போது யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி என்று படத்தின் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

ஏற்கெனவே ஏதோ நடந்துவிட்டது என்று சந்தேகமா? நம்பிக்கையான வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, மேலே சொன்ன விதிகளையும் மீட்பு எண்ணையும் பாருங்கள். பிறகு வங்கி. குறுஞ்செய்தியில் வந்த எண்ணை அல்ல, அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணைக் கூப்பிடுங்கள். போனில் சிக்னல் காரணமில்லாமல் போய், பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தின் சிக்னல் இருந்தால், இன்னொருவர் போனிலிருந்து அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டு மாற்று சிம் ஏதும் கொடுக்கப்பட்டதா என்று உடனே கேளுங்கள். போலீஸில் எழுத்து மூலம் புகார் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்காத கடனை மறுக்கும்போது வங்கி முதலில் கேட்பது அதைத்தான்.